ஆனி மாதத்து ஆலாக் குஞ்சுகள்

இன்று காலை ஸ்கூட்டரை நிறுத்தியதுமே, பறவை எச்சமும் உப்புநீரும் கலந்த அந்த வாடை முகத்தில் அடித்தது. நீ இருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாய். உடனே உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது: நாம் ஜெயித்துவிட்டோம்.

மணப்பாட்டுக்காரியான நீயும் நானும் கூட்டாக உப்பளம் எடுத்த புதிதில், ஆலாப் பறவைகள் பங்குனியிலேயே உப்பளத்தின் வெளிக்கரையில் முட்டையிட்டுவிடும். மண்ணில் சிறு குழி, மண்நிறத்திலேயே முட்டைகள். வைகாசிக்குள் குஞ்சுகள் பறந்துவிடும். பிறகு பருவம் கலைந்தது. உப்பு விளையும் கோடையில் பெருமழை கொட்டியது. முதல் முட்டைகளை வெள்ளம் அடித்துப்போக, பறவைகள் பிந்தி மறுபடியும் இட்டன. அதே மழைக்குப் பயந்து நாமும் ஆனியில் கரையை உயர்த்த ஜேசிபி வைத்தோம். போன வருடம் அந்த மண்ணுக்குள் முட்டைகள் புதைந்தன. அன்று நீ சாப்பிடவே இல்லை.

“மழை தப்பிப் பெய்யுது ஏளா, அதுங்க என்ன செய்யும்? நாமதான் வேலையத் தள்ளிப் போடணும்” என்றாய். இந்த ஆனிக்கு நீ இல்லை. ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இந்த ஆண்டும் முட்டைகள் பிந்தித்தான் வந்தன. அடுத்த உப்பளத்து அண்ணாச்சிக்கும் நமக்கும் அந்தக் கரை பொது அல்லவா? வேலையைத் தள்ளிவைக்கலாமா என்று அவரிடம் கேட்டேன்.

“கரை உடைஞ்சா வெளஞ்ச உப்பு பூராவும் கரைஞ்சி போயிரும்மா” என்றார். அவர் பயம் நியாயமானதுதான். நீ சொன்னதைச் சொல்லி, அவரைக் கரைக்கு அழைத்துப் போனேன். ஒரு முட்டை விரிசல் விட்டிருந்தது. உள்ளிருந்து கீச்சென்று சத்தம். நெடுநேரம் குனிந்து நின்றார்.

“சரி, பறக்கட்டும்.”

மழை வந்தேவிட்டது. கரையின் தென்மூலை கசிந்தது. அண்ணாச்சியும் ஆட்களும் நானும் மணல்மூட்டை சுமந்தோம். பெரிய ஆலாக்கள் கத்திக்கொண்டு எங்கள் தலையைக் கொத்த வந்தன. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு எல்லோரும் சிரித்தபடியே வேலை பார்த்தோம். கொஞ்சம் உப்பு போனது. கரை நின்றது.

இன்று கடைசிக் குஞ்சும் எழும்பிவிட்டது. கரையை ஒட்டிய கால்வாய்மேல் தாழப் பறந்து, தண்ணீரில் விழப்போய், சட்டென்று மேலேறியது. அண்ணாச்சி ஆட்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார். அடுத்த வருடமும் குஞ்சு பறந்த பிறகுதான் ஜேசிபி வண்டி வரும் என்று அவரே அறிவித்தார்.

முன்பெல்லாம் யாரிடமாவது கேட்க வேண்டுமென்றால் நீதான் முன்னால் போவாய். நான் உன் பின்னால் நிற்பேன். அந்தத் துணிச்சலை என்னிடம் விட்டுப் போயிருக்கிறாய். நாளை கால்வாய்க்கு அக்கரையில் உள்ள உப்பளக்காரர்களிடமும் கேட்கப் போகிறேன். முடியாது என்பார்கள். மறுபடியும் கேட்பேன்.