பெடலில் கட்டிய டியூப்

இன்று காலை பாக்கார் ஆராங்கில் என் பட்டறைக்கு ஒரு பழைய புல்வெட்டும் வண்டி வந்தது. உட்கார்ந்து ஓட்டுகிற வகை. நீ ஓட்டினாயே, அதே சாதி. பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் ஊர்ந்துகொண்டே போகிறது என்றார் கொண்டுவந்த கான்டிராக்டர். குனிந்து பார்த்தேன். பெடலைப் பின்னால் இழுத்து மோட்டார் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைக் கட்டியிருந்தார்கள். வெயிலில் வெந்த ரப்பர் நாற்றம் மூக்கில் ஏறியது. வெளியே போய்க் காறித் துப்பிவிட்டு வந்தேன். துப்பியது என்னை நினைத்துத்தான்.

நீ செத்துப் போய் ஒரு வருடம் ஆகிறது. இருந்தபோது உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வக்கில்லாதவன், இப்போது உட்கார்ந்து மடல் எழுதுகிறேன். சீ.

தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசையில் பிறந்தோம், ஒரே வயது. தோட்டத்துக் கோல்ப் திடலில் நீ புல் வெட்டினாய், நான் தோட்டத்துப் பட்டறையில் இருந்தேன். அந்த வண்டிக்குக் கியர் கிடையாது. முன்பெடலை மிதித்தால் முன்னால் போகும், பின்பெடலை மிதித்தால் பின்னால் போகும், காலை எடுத்தால் அசையாமல் நிற்க வேண்டும். அதுவோ நின்று தொலையவில்லை. "டேய், இது என் பேச்சக் கேக்க மாட்டேங்குது. கொஞ்சம் பாரு லா" என்று மூன்று முறை வந்து சொன்னாய். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். பின்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, பெடலிலிருந்து, சக்கரத்தை ஓட்டும் எண்ணெய்ப் பம்புக்குப் போகும் கம்பியின் நட்டைத் தளர்த்தி, எஞ்சினை ஓடவிட்டு, சக்கரம் சுற்றுவது நிற்கும்வரை கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். அரைமணி நேர வேலை. எனக்குச் சோம்பல். தோட்டத்தில் எதைத்தான் நாம் டியூப்பால் கட்டவில்லை, வாளிப் பிடி, வேலிக் கதவு, சைக்கிள் கேரியர்! பெடலையும் இழுத்துக் கட்டிவிட்டு, இனி நிற்கும் போடா என்றேன்.

சில வருடங்களுக்கு முன், தைப்பூசத்துக்கு முந்தின வாரம் அது. காவடிக்கு நீ விரதம் இருந்தாய். ஒரு காலத்தில் குடித்தவன்தான். அந்த வருடம் விட்டொழித்து, பால்குடம் எடுக்க மகனையும் உன்னோடு விரதம் இருக்க வைத்திருந்தாய். திடல் ஓரத்துப் பெரிய சாக்கடைப் பக்கம் வியர்வை துடைக்க நிறுத்திக் காலை எடுத்திருக்கிறாய். டியூப் அறுந்துவிட்டது. நீ பிரேக்கை மிதிப்பதற்குள் முன்சக்கரம் கரை தாண்டிவிட்டது. வண்டியோடு விழுந்தாய், அதன் அடியில் உன் கால் நொறுங்கியது.

உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அறுந்த டியூப்பை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வண்டி பட்டறைக்கு வந்ததும் ஜாக்கியில் ஏற்றினேன், நட்டைத் தளர்த்தினேன், சக்கரம் அசையாமல் நிற்கும்வரை கம்பியைத் திருப்பினேன். அவ்வளவு கச்சிதமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. மறுநாள் வந்து பார்த்த ஆபீஸ்காரர்கள் வண்டியில் குறை இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன்.

வண்டியில் குறை இல்லையென்றால் குறை உன்னிடம்தானே. விரதத்தில் குடித்தான், சாமி காலை வாங்கிவிட்டது என்று கோயில் வாசலிலேயே பேசினார்கள். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய நரகல். உனக்கு இனிப்பு நீர் வியாதி இருந்ததால் நொறுங்கிய கால் ஆறவில்லை, முழங்காலோடு எடுத்தார்கள். பார்த்தாயா, சாமி குற்றம் என்று அதற்கும் தலையாட்டினார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று தெரிந்தும் நான் அவர்கள் நடுவில் நின்றேன். கொடுத்த வடையையும் தின்றேன்.

ஆஸ்பத்திரியில் நீ ஒன்றுதான் கேட்டாய். "நான் குடிக்கலடா. நீயாச்சும் நம்புறியா?" நம்புகிறேன் என்றேன். அப்படிச் சொன்ன நாக்கு அழுகிப் போயிருக்க வேண்டும்.

இன்று அந்த வண்டியின் டியூப்பை வெட்டி எறிந்து, கம்பியைச் சரிசெய்து அனுப்பினேன். பட்டறையைச் சாத்திவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராகக் கோலா கெடாவுக்குப் போனேன். உன் மனைவி இப்போது மகனோடு அங்கேதான் இருக்கிறார். ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் அழவில்லை.

"என்கிட்ட சொல்லி என்ன ஆவப் போவுது அண்ணே? அவரு குடிக்கலன்னு எனக்குத் தெரியும், கூட இருந்தவளுக்குத் தெரியாதா? என் மகன்கிட்ட சொல்லுங்க. அவந்தான் ஊர் பேச்ச நம்பி கடைசி வரைக்கும் அப்பாகூட பேசாமயே இருந்துட்டான்" என்றார்.

ஐஸ் கம்பெனி வேலை முடிந்து அவன் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். வந்தான், உன் நெற்றி, உன் காது. டியூப், கம்பி, சட்டைப் பை எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டான்.

"அப்பா என்னைக் கூப்ட்டு கூப்ட்டு சொன்னாரு மாமா, குடிக்கலய்யான்னு. அப்ப அது உண்மையா?"

"உண்மைதான்ப்பா" என்றேன்.

அடிப்பான் என்று நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க போங்க மாமா" என்று மட்டும் சொன்னான். வாசலில் செருப்பை மாட்டும்போது உள்ளே அவன் அழுவது கேட்டது. அப்பா, அப்பா என்று, வாய்விட்டு. இத்தனை வருடம் நீ காத்துக் கிடந்த அந்தச் சொல்லை, நான் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.