ஸ்டீரியோ மைக் வாங்கிய வாரம்

நவம்பர் 5, சனி. சித்தூர்.

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. அரை நாள் ஆபீஸ். பிறகு திருப்பதி பஸ். நின்றபடியே பயணம். கண்டக்டர் "முந்துகு ஜரகண்டி" என்று கத்திக்கொண்டே வந்தார். முன்னால் நகரத்தான் இடம் இல்லை.

முனிரத்தினத்தின் ரேடியோ கடை. புத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம் அவருடையது. ரிப்பேர் வேலை கற்றுக்கொண்டு திருப்பதியில் கடை போட்டவர். என் கஷ்டத்தைச் சொன்னேன். டேப் ரெக்கார்டரிலேயே இருக்கிற மைக்கை நம்பி இதுவரை மழை, ஆறு, குருவி என்று எதைப் பதிவு செய்தாலும் உள்ளே ஓடுகிற மோட்டார் சத்தம்தான் முன்னால் வந்து நிற்கிறது. மழை அதற்குப் பின்னால் எங்கேயோ. ஸ்டீரியோ ரெக்கார்டர் வாங்கி என்ன பயன்?

மு. மூன்று மைக்கை எடுத்து மேஜையில் வைத்தார்.

1. மேடையில் பேசுகிற மைக். ஒற்றை. நல்ல கனம். கீழே போட்டாலும் ஒன்றும் ஆகாதாம்.
2. சின்ன மைக் இரண்டு, ஜோடி. மரச்சட்டத்தில் பக்கம் பக்கமாக மாட்ட வேண்டும். வயர் இரண்டு, சிக்கல் நான்கு.
3. ஸ்டீரியோ மைக். ஒரே உடம்பில் இரண்டு காது. பேனா பேட்டரியில் வேலை செய்யும். சிங்கப்பூரிலிருந்து வந்தது. சின்னப் பெட்டிக்குள் வெல்வெட்டில் படுத்திருந்தது. தொடவே கூச்சம்.

"மூணுத்தையும் எடுத்துக்கினு போங்க சார். ஊட்டுல வெச்சுப் பாருங்க. ஆனா இந்த சிங்கப்பூரு ஐட்டத்த மெட்ராஸ்காரர் ஒருத்தர் கேட்டுக்கினு கீறார். ரொம்ப நாள் வெச்சிருக்க முடியாது."

ரசீது இல்லை, கையெழுத்து இல்லை. துணிப்பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். என்ன மனிதர்.

நவம்பர் 6, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் சாப்பிடாமல் மைக் வேலை. வாசலில் ஸ்டூல் போட்டு மூன்றையும் மாற்றி மாற்றி வைத்து தெருவைப் பதிவு செய்தேன். மாட்டு வண்டி, சைக்கிள் பெல், காக்கா, எதிர்வீட்டு அம்மா தெலுங்கில் யாரையோ திட்டுவது.

ஹெட்போன் மாட்டிக் கேட்டேன்.

நம்பர் 1: தெரு முழுவதும் ஒரு சின்ன ஜன்னலுக்குள். தெளிவு உண்டு, அகலம் இல்லை.
நம்பர் 2: அகலம் உண்டு, நடுவில் ஓட்டை. வண்டி இடதில் இருந்தது, பிறகு வலதில் இருந்தது. நடுவில் எங்கே போயிற்று?
நம்பர் 3: வண்டி இடது காதில் புறப்பட்டது. நெற்றி நடுவே உருண்டது. வலது காதில் போய் இறங்கியது. உடம்பு சிலிர்த்துவிட்டது. சும்மா நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன், பைத்தியம் மாதிரி.

ஒரே குறை, காற்று. லேசாகப் பட்டாலே புஃப் புஃப் என்று தும்முகிறது. ரூத் பார்த்துக்கொண்டே இருந்தாள். என் பழைய மங்கி குல்லாவை வெட்டி அதற்கு ஒரு உறை தைத்துவிட்டாள். தும்மல் பாதி நின்றது. மிஷன் ஸ்கூலில் மூன்றாம் வகுப்பு டீச்சர் என் மனைவி. இந்த மாதிரி யோசனை எனக்கு வராது.

நவம்பர் 7, திங்கள்

தூறல். ஆபீஸில் மனம் ஓடவில்லை.

சாயங்காலம் ரூத்தை உட்காரவைத்து ஹெட்போனை மாட்டி விட்டேன். நம்பர் 3 கேசட். கேட்டாள்.

"நல்லா கீதுங்க. தெளிவா கீது."

நம்பர் 1 போட்டேன். "இதுவும் நல்லாத்தான் கீது."

"ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியலயா? வண்டி எங்கிருந்து எங்க போச்சு?"

என் முகத்தைப் பார்த்தாள். "ரோட்டுல போச்சு."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு இடது காது கேக்காதுங்க. சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துது. அதுல போயிடுச்சு. சுத்தமா."

 இத்தனை வருஷக் குடித்தனம். "ஏன் சொல்லல?" என்று மட்டும் வந்தது.

"பொண்ணு பாக்க வந்தப்போ யார் கேட்டாங்க? பல்லு பாத்தாங்க, தலமுடி பாத்தாங்க, பாடச் சொன்னாங்க. காதுல கம்மலத்தான் பாத்தாங்க. அப்புறம் என்னப் பெத்த நைனா, அதான் நல்லா போய்க்கினு கீதே, எதுக்கு சொல்லணும்னு சொல்லிட்டாரு. நாளாக நாளாக சொல்றதுக்கே கூச்சமாயிடுச்சு."

அடுப்பில் பால் பொங்கிவிட்டது. எழுந்து போனாள்.

நவம்பர் 8, செவ்வாய்

மழை. குடை ஆபீஸிலேயே.

நாள் முழுவதும் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. நடக்கும்போது எப்போதும் எனக்கு இடது பக்கமே வருவாள். நான் அவளுடைய வலது காதுப் பக்கம். பஸ்ஸில் இடது ஜன்னல் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ். கோயில் பாடகர் குழுவில் இடது ஓரத்தில்தான் நிற்பாள். அங்கிருந்து ஒரு சுருதி பிசகாது. ரோடு தாண்டும்போது தலையை முழுசாகத் திருப்பி இரண்டு பக்கமும் பார்ப்பாள். பயந்த சுபாவம் என்று நினைத்திருந்தேன். இடி இடித்தாலும் எழுந்திருக்க மாட்டாள். கெட்டித் தூக்கம் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நல்ல காது தலையணையில் அல்லவா இருந்திருக்கிறது.

ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகள். யார் பேசினார்கள் என்று சத்தத்தை வைத்து அவளுக்குத் தெரியாது. ஆனாலும் கண்டுபிடித்துவிடுவாளாம். எப்படி என்று கேட்டேன். "பேசினவன் என்னப் பாப்பான். மத்த எல்லாரும் அவனப் பாப்பாங்க." இவ்வளவுதான். எவ்வளவு பெரிய விஷயத்தை இத்தனை லேசாகச் சொல்கிறாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது, ஒற்றை மைக்கே போதும், நம்பர் 1 வாங்கிக்கொள்கிறேன் என்றேன். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி கேட்கும் என்று விளக்கமும் சொன்னேன்.

கரண்டியை வைத்துவிட்டாள். "எனக்காக நீங்க ஒரு காத மூடிக்கப் போறீங்களா? நான் பாவம்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல. நீங்க ஆரம்பிக்காதீங்க."

நவம்பர் 9, புதன்

சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது. பேச்சுதான் இல்லை.

நவம்பர் 10, வியாழன்

வெயில் எட்டிப் பார்த்தது. மு.வுக்கு ஆபீஸிலிருந்து போன். சனிக்கிழமை கைலாசகோனை அருவிக்குப் போய் நம்பர் 2, நம்பர் 3 இரண்டையும் தண்ணீர் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம் என்றார். அவர் ஊருக்குக் கிட்டத்தில்தான்.

வீட்டில் சொன்னேன். "நானும் வரேன்" என்றாள் ரூத். செவ்வாய் ராத்திரிக்குப் பிறகு முதல் பேச்சு. மழைக்குப் பாலிதீன் பை எடுத்து வைத்தாள்.

நவம்பர் 12, இரண்டாம் சனி. புத்தூர், மு.வின் அண்ணன் வீடு.

 வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலையில் மழை விட்டிருந்தது. அருவியில் நல்ல தண்ணீர். குளிக்க வந்தவர்கள் நாலைந்து பேர்தான். குல்லா போட்ட நம்பர் 3-ஐ ஒரு பாறைமேல் நிறுத்தி, ரெக்கார்டரைப் பையில் சுற்றி, ஹெட்போன் மாட்டிக்கொண்டேன். அருவி மொத்தமும் தலைக்குள் இறங்கியது. வலது பக்கம் கனமான தண்ணீர், இடது பக்கம் சொட்டு, நடுவில் ஏதோ பறவை. கண்ணை மூடிக்கொண்டேன். ஜோடி மைக்கை வைக்க மேலே நல்ல இடம் பார்க்கிறேன் என்று மு. பாறைகளில் ஏறிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் வலது காதில் "சார்! சார்!" என்று மு.வின் கத்தல். ஹெட்போனைக் கழற்றினேன். அப்போதும் வலது பக்கத்திலிருந்துதான். ஓடினேன். குளித்துக்கொண்டிருந்தவர்களும் அதே பக்கம் ஓடி வந்தார்கள். அங்கே செங்குத்தான பாறை. ஆள் இல்லை. மறுபடி கத்தல். இப்போது மேலேயிருந்து வருகிற மாதிரி. "அக்கட, அக்கட!" என்று ஒருவர் கை காட்டினார். இன்னொருவர் வேறு பக்கம் காட்டினார். கத்தலில் "தண்ணி ஏறுது" என்று மட்டும் புரிந்தது. 

ரூத் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று வகுப்பறைக் குரலில், "அந்தரு ஆகண்டி! எல்லாரும் கொஞ்சம் வாய மூடுங்க!" என்றாள். நின்றுவிட்டோம்.

கத்தல் வந்ததும் நாலு எட்டு வைத்தாள். நின்றாள். அடுத்த கத்தல். "இங்க கொறையுது." திரும்பி வந்தாள். எதிர்ப்பக்கம் நடந்தாள், நாங்கள் யாருமே பார்க்காத இடது பக்கம். நின்றாள். தலையை மெதுவாகத் திருப்பினாள். "இங்க பெருசா கீது." இன்னும் நடந்தாள். புதரை விலக்கினாள். வீடு போல ஒரு பாறை, அதற்குப் பின்னால் இடுக்கு. "இங்கதான்! வாங்க!"

அங்கே இருந்தார். வழுக்கி விழுந்து, கணுக்கால் இரண்டு கற்களுக்கு நடுவே மாட்டியிருந்தது. இடுப்புக்கு மேல் தண்ணீர். மலைமேல் மழை போலிருக்கிறது, பார்க்கப் பார்க்க ஏறியது. குளிக்க வந்த இருவர் இறங்கிக் கல்லைப் புரட்ட, நான் கக்கத்தில் கை கொடுத்து இழுத்தேன். வந்துவிட்டார். வேட்டியில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். அந்த இடுக்கு நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

முன்னால் இருந்த பெரிய பாறை அவர் குரலை மறைத்திருக்கிறது. எதிர்ப் பாறையில் பட்டுத் திரும்பியதைத்தான் நாங்கள் எல்லோரும் கேட்டு ஓடியிருக்கிறோம்.

தூளியில் வலியோடு மு. கேட்டார்: "எட்லா கனுக்குன்னாரம்மா, எப்படிக் கண்டுபுடிச்சீங்க? எங்க கீறேன்னு எனக்கே தெரியல."

"எனக்கு எந்தப் பக்கமிருந்து சத்தம் வருதுன்னு எப்பவுமே தெரியாதுங்க. ஒரு காதுதான் கேக்கும். கிட்டப் போனா பெருசாவுதா, கொறையுதான்னு நடந்து நடந்துதான் பாப்பேன். பீரோ பின்னாடி விழுந்த அலாரம் கடிகாரத்தகூட அப்டிதான் தேடுவேன்."

முன்பின் தெரியாத நாலு பேர் நடுவில் சர்வசாதாரணமாகச் சொன்னாள். சேலை முழங்கால் வரை சேறு. அவள் நடந்துபோவதையே பார்த்துக்கொண்டு வந்தேன். கல் தடுக்கி நானும் விழப் பார்த்தேன்.

கணுக்கால் எலும்பு முறிவு. புத்தூரில் கட்டுப் போட்டாயிற்று. உயிருக்கு ஒன்றும் இல்லை. ஸ்தோத்திரம்.

நவம்பர் 13, ஞாயிறு. சித்தூர்.

மைக்கோடு அள்ளிக்கொண்டு வந்த ரெக்கார்டரை நான் அருவியில் நிறுத்தவே இல்லை. கேசட் தீரும்வரை பதிவாகியிருக்கிறது. கேட்டேன். மு.வின் கத்தல் சுத்தமாக வலது காதில். சிங்கப்பூர் மைக்கும் என்னைப் போலவே ஏமாந்திருக்கிறது. பிறகு ரூத்தின் குரல், நடுவிலிருந்து இடது பக்கமாக மெல்ல மெல்லத் தள்ளிப் போகிறது. எல்லோரும் வலதில். அவள் ஒருத்தி இடதில், தனியாக.

திருப்பித் திருப்பிப் போட்டேன்.

"இன்னா அப்டி கேக்கறீங்க?"

சொன்னேன். ஹெட்போனைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு, "அது தெரியுதா அதுல? நான் எந்தப் பக்கம் போனேன்னு?"

"தெரியுது."

"அப்ப அதையே வாங்குங்க" என்றாள்.

நவம்பர் 15, செவ்வாய்

லீவு போட்டுப் புத்தூர். ரூத் சாத்துக்குடி கொடுத்தனுப்பினாள். மு. மாவுக்கட்டோடு கட்டிலில். ஜோடி மைக் வெள்ளத்தோடு போய்விட்டது. "போனா போவுது சார், நான் கீறேனே." ரூத்தைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிவிட்டாராம். அண்ணன் மனைவி ஒரு பூசணிக்காயைத் தூக்கிக் கொடுத்தாள், டீச்சரம்மாவுக்கு.

நம்பர் 3 எனக்கு வேண்டும், மெட்ராஸ்காரருக்கு என்ன சொல்லப் போகிறீர்கள் என்றேன்.

"வித்துப்போச்சுன்னு நீங்க கடைக்கு வந்த சனிக்கெழமையே போன் போட்டு சொல்லிட்டேன். பொட்டியத் தெறந்தப்போ நீங்க பாத்த பார்வய நான் பாத்தேன்ல."

என்ன மனிதர் என்று முன்பே எழுதினேனா? மறுபடி எழுதுகிறேன்.

பஸ்ஸில் பூசணிக்காய்க்கு மடியில் இடம்.

நவம்பர் 17, வியாழன்

நாலு மணிக்கே இருட்டிவிட்டது. பள்ளியிலிருந்து ரூத் நனைந்து வந்தாள். தலையைக்கூடத் துவட்டாமல், "மைக் எங்க?" என்றாள்.

எங்கே வைப்பது என்று நான் வாசலில் யோசித்துக்கொண்டு நிற்க, அவள் பின்பக்கம் தகரக் கூரையிலிருந்து வாழை மரம் வரை நடந்தாள், நின்றாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். தகரத்தில் விழுவதும் இலையில் விழுவதும் ஒன்றையொன்று அமுக்காத இடம் வேண்டுமாம். கடைசியில் துவைக்கிற கல்மேல் வைத்தாள். பக்கத்தில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

நான் உள்ளே ஹெட்போனோடு. பட்டனை முன்னாலேயே அழுத்திவிட்டேன். அவளுக்குத் தெரியாது. இப்படி ஒரு மழையை நான் கேட்டதே இல்லை. பேசினால் கெட்டுப்போய்விடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கேசட்டில் மழைக்கு நட்டநடுவில் அவள் குரல்: "இன்னாங்க, இப்ப ஆன் பண்ணலாம்."

அழிக்கவில்லை.