சிக்கெடுக்கும் மெட்டு

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன், அந்த வரி மட்டும் கைக்கு வரவில்லை. பதறாதே. அண்ணிக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. சலவைக் கடை கவுன்ட்டருக்குப் போகிறார், வருகிறார், எனக்கும் சேர்த்துச் சமைத்து மூடி வைக்கிறார். என்னிடம் பேசுவதுதான் இல்லை. தப்பு முழுக்க என்னுடையது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் கப்பல் துறைமுகத்துக்கு வந்து நீ கூப்பிடும்போதெல்லாம் மாடிக் கூரை ஒழுகுகிறதா, தண்ணீர் மோட்டார் ஓடுகிறதா என்று கேட்கிறாய். நான் வேறு எதையாவது ஆரம்பித்தால், "சரிடா, இன்ஜின் ரூம்ல கூப்பிடறாங்க" என்று வைத்துவிடுகிறாய். பாப்பா கண்ணை மூடியதிலிருந்து இப்படித்தான். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி கையிலேயே இருக்கும் அல்லவா, அதனால்தான் கம்பெனி விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

என் தொழில் மாறிய கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். கச்சேரிக் குழுவில் வயலின் வாசித்தவன் யோகா நிலையத்தில் கிண்ணம் தட்டுகிறான் என்று கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாய். அது நடந்த விதம் இதுதான். கீபோர்டிலேயே வயலின் சத்தம் வருகிறது, தனியாக ஒரு ஆள் எதற்கு என்று குழுவில் என்னைக் கழற்றிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், ஒலி சிகிச்சை செய்யும் ஓர் அம்மா துணைக்கு ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். கிண்ணக்காரம்மா என்று அவருக்கு நான் வைத்த பெயர் இப்போது அந்த நிலையம் முழுக்கப் பரவிவிட்டது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தொண்டையைத் தாழ்த்தி, "மெதுவா மூச்ச இழுங்க, மெதுவா விடுங்க" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். பழைய டிரம்ஸ்காரன் ஒருநாள் வாசலில் பார்த்துவிட்டு, "என்ன சாமி, ஆசிரமம் எப்ப தொடங்கறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

இருட்டாக்கிய கூடத்தில் வரிசையாக விரிப்புகள். கண்ணைத் துணியால் மூடிக்கொண்டு எல்லோரும் படுத்திருப்பார்கள். நான் நடுவில் உட்கார்ந்து வெண்கலக் கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். கீழ்த்தளத்தில் ஜிம். எவனாவது இரும்பைத் தொப்பென்று போட்டால் நான் தட்டாமலேயே என் கிண்ணம் முனகும். முன்பெல்லாம் நான் வாசிக்கும்போது முதல் வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டால் அன்று எனக்குச் சோறு இறங்காது. இப்போது யாராவது குறட்டை விட்டால்தான் நிம்மதி. எனக்குக் கைதட்டலே அதுதான் என்று சொல்லிச் சிரித்துக்கொள்வேன்.

சிரித்தேனே தவிர, போகப் போக அதில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது அண்ணா. தினமும் காலையில் கிண்ணக்காரம்மா என்னை உட்காரவைத்து ஒரே ஒரு தட்டு தட்டச் சொல்வார். அது முழுக்க அடங்கும்வரை அடுத்ததைத் தொடக் கூடாது. இத்தனை வருடம் வாசித்திருக்கிறேன், ஒரு ஒலி முடிவதை நான் கேட்டதே இல்லை. அது முடிவதற்குள் அடுத்த ஸ்வரத்துக்குத் தாவிவிடுவதுதானே என் பிழைப்பு. முதல் முறை அப்படிக் காத்திருந்து கேட்டபோது, காரணமே இல்லாமல் மனசு லேசானது. சாமி கும்பிடுவது என்பது இதுதானோ என்றுகூடத் தோன்றியது.

அவர் போட்ட கட்டளை ஒன்றே ஒன்று. மெட்டு கூடாது. "தனி ஒலி யாருக்கும் சொந்தமில்ல. மெட்டுன்னா அது யாரோட வீட்டுக் கதவையாவது தட்டும். கதவத் தொறந்துட்டு அவங்க படற பாட்ட உங்களால பாத்துக்க முடியாது" என்றார். நான் தலையை ஆட்டினேன். மண்டையில் ஏறவில்லை.

அண்ணி தானாகத்தான் வந்தார். பாப்பா போன பிறகு அவர் தூங்கவே இல்லை என்பது உனக்குத் தெரியுமோ என்னவோ. அழவும் இல்லை. ஒருநாள் கடையிலிருந்து நேராக வந்து, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கடைசி விரிப்பில் படுத்துக்கொண்டார். அன்று அண்ணி தூங்கினார். எல்லோரும் எழுந்து போன பிறகும் தூங்கினார். நான் விளக்கைப் போடாமல், காவல்காரன் மாதிரி வாசலில் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் வந்தார். என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த காரியம் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

போன மாதம் வெளியூர்க்காரர் ஒருவர் வந்தார். இதே ஒலி சிகிச்சைக்குப் பெரிய பெரிய முகாம்கள் நடத்துகிறவர். முன்னூறு நானூறு பேர் படுக்கும் கூடம், மேடை, விளக்கு எல்லாம் உண்டு. என்னைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று பார்க்க வந்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கிண்ணக்காரம்மா அன்று ஊரில் இல்லை. அண்ணி வழக்கம்போல் கடைசி விரிப்பில் படுத்திருந்தார். மேடை என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்குக் கை அரித்தது. கிண்ணம் தட்டி என் வித்தையை எப்படிக் காட்டுவது? வயலினைக் கொண்டுபோனேன்.

முதலில் ஒரே ஸ்வரத்தை நீளமாக இழுத்தேன். பிறகு விரல் தானாக அந்த மெட்டுக்குப் போய்விட்டது என்று எழுத ஆசை. அது பொய். நான்தான் போனேன். எந்த மெட்டு என்று உனக்கு இப்போதே புரிந்திருக்கும். உன்னிடமிருந்து பாப்பாவுக்கு வந்த அந்தச் சுருட்டை முடியில் சீப்பை வைத்தாலே அவள் வீட்டை இரண்டாக்குவாள். பள்ளி வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கும். அவளை உட்காரவைக்க நான் கட்டிய நாலு வரி மெட்டைப் பாடிக்கொண்டேதான் அண்ணி சிக்கெடுப்பார். பாப்பாவும் கூடவே பாடுவாள். மூன்றாவது வரியில் மேலே ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல், வழுக்கிக் கீழே வந்துவிடுவாள். நான் எத்தனையோ முறை திருத்தினேன். "சித்தப்பா, அது உங்க பாட்டு. இது என் பாட்டு" என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

முதல் முறை வாசித்து முடித்தபோது அண்ணியின் கண்ணைக் கட்டிய துணி நனைந்திருந்தது. அந்த மங்கலிலும் பார்த்தேன். ஓரத்தில் அந்த மனிதர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதையும் பார்த்தேன். மேடைக்காரனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு அண்ணா. கூட்டத்தில் யாராவது கண்ணைத் துடைத்தால் அந்த வரியை விடமாட்டான். திரும்பவும் எடுப்பான், இன்னும் குழைத்து, இன்னும் நிறுத்தி. கல்யாணக் கச்சேரியில் பெண்ணைப் பெற்றவர்களை இப்படித்தான் அழவைப்போம். நான் இரண்டாம் முறை வாசித்தேன். அண்ணிக்கு மூச்சு வாங்கியது. மூன்றாம் முறையும் வாசித்தேன்.

அண்ணி எழுந்து, இருட்டில் தடவித் தடவி வெளியே போனார். காலில் ஒன்று தன் செருப்பு, ஒன்று யாருடையதோ. நான் வில்லை நிறுத்தவில்லை. வரியை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினேன். அந்த மனிதர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, "அந்தம்மா அழுதாங்க பாருங்க, அதான் சார் வேணும், அதான் ஜனங்களுக்கு வேணும்" என்றார். அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொன்னேன். இதை எழுதும்போதே முகம் எரிகிறது.

வீட்டுக்கு வந்தபோது அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். நிதானமாகச் சொன்னார்: "நீங்க நல்லாதான் வாசிச்சீங்க தம்பி. ஆனா இப்ப எனக்கு உள்ள உங்க வயலின்தான் ஓடுது. அவ தப்பா பாடுவாளே, அது வரமாட்டேங்குது. நெனச்சு நெனச்சுப் பாத்துட்டேன். ஒவ்வொரு தடவையும் சரியாவே வருது." அவ்வளவுதான். மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. கூடத்துக்கும் வருவதில்லை. அவர் அறையில் விளக்கு மறுபடியும் அணையாமல் எரிகிறது.

வீடியோ இருக்குமா என்று பழைய போன்களை எல்லாம் குடைந்தேன். பிறந்தநாள் இருக்கிறது, பள்ளி விழா இருக்கிறது. வேன் ஹாரன் அடிக்கும் அவசரத்தில் தலைவாருவதை யார் எடுத்து வைக்கப் போகிறார்கள்? மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு, நானே அவள் மாதிரித் தப்பாக வாசித்துப் பார்த்தேன். வரவில்லை. தெரிந்தே செய்கிற தப்பு ஏதோ புது நகாசு மாதிரி ஒலிக்கிறது. திருத்தித் திருத்தியே கெட்டுப்போன கை இது.

முகாம்காரருக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இதைப் பெரிய தியாகமாக எடுத்துக்கொள்ளாதே, வெட்கம்தான். நடந்ததைக் கிண்ணக்காரம்மாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. காலையில் பழையபடி ஒரு தட்டு தட்டிக் காத்திருக்கச் சொன்னார். காத்திருக்கிறேன். இப்போது ஒலி அடங்கும் இடத்தில் அண்ணியின் அந்த மூச்சுதான் கேட்கிறது.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் உன் ஞாபகம் வந்தது. பாப்பா இருந்தபோது நீ கடைசியாக லீவில் வந்தாயே, அப்போது அவளுக்கு நீதான் சிக்கெடுத்தாய். சுருதி கிலோ என்ன விலை என்று கேட்கிறவன் நீ என்பது நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். "அப்பா, அப்படி இல்ல, இப்படி" என்று அவளே உன்னை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். மூன்றாவது வரியில் அப்பனும் மகளும் சொல்லிவைத்த மாதிரி ஒரே இடத்தில் வழுக்கி விழுந்தீர்கள். நான் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு சிரித்தேன், இரண்டு கழுதைகள் என்றேன். நீ என்னிடம் கற்கவில்லை அண்ணா, அவளிடம் கற்றாய். அவள் பாட்டு இப்போது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்பதால் அண்ணியின் முகத்தைப் பார்க்கக் கூசுகிறாய் என்று எனக்குத் தெரியும். இப்போது நானும் கூசுகிறேன். ஒரே வீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகள் இப்படி ஒளிந்துகொண்டால் அவர் எங்கே போவார்? லீவு கேள். வா. வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாடு. அந்த நேரம் நான் வீட்டில் இருக்கமாட்டேன். இருந்தால் திருத்திவிடுவேன்.

நீ வரும்வரை அது மறந்துபோகாமல் இருக்க வேண்டும். இன்ஜின் அறையில் அத்தனை சத்தத்தில் யாருக்கும் கேட்காது. தினமும் ஒரு தடவையாவது வாய்விட்டுப் பாடு அண்ணா. தப்பாகவே பாடு.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தம்பி