ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன்

பிப்ரவரி 9
கோதுமை கதிர் விட்டுவிட்டது. நூறு தண்டு பார்த்தேன். தண்டுக்கு மூன்று நான்கு அசுவினி, சாறு உறிஞ்சும் பூச்சி. பொறிவண்டுகளும் வந்துவிட்டன, அசுவினியைத் தின்று தள்ளுகின்றன. ஒரு வாரம் பொறுத்தால் மருந்தே வேண்டாம். அண்ணனிடம் சொன்னேன். "உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். நீ சொல்றபடியே செய்வோம்" என்றார். அப்பா விட்டுப்போன நிலம். எங்கள் இருவருக்கும் பொது.

பிப்ரவரி 11
அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் நான்தான் துணை.

பிப்ரவரி 12
அண்ணன் போனில்: "வயல் அப்படியே இருக்கு. நீ அம்மாவப் பாரு." நிம்மதி.

பிப்ரவரி 14
வந்ததும் வயலுக்குப் போனேன். மண்ணெல்லாம் பொறிவண்டு, மல்லாந்து கிடக்கின்றன. ஒன்றை உள்ளங்கையில் எடுத்தேன். கால் மட்டும் துடித்தது. இலையில் மருந்து வாடை. "பக்கத்து வயல்ல அடிச்சது காத்துல வந்திருக்கும்" என்றார் அண்ணன்.

பிப்ரவரி 15
பக்கத்து வயல்காரரிடம் போய்க் கத்தினேன். "இந்த வருஷம் நான் மருந்தே தொடலம்மா" என்றார். நம்பவில்லை. அண்ணன் என் பின்னால் நின்றார்.

பிப்ரவரி 17
அண்ணி பாத்திரம் தேய்த்தபடி, என் முகம் பார்க்காமல் சொன்னார்கள்: "உங்ககிட்ட போன்ல பேசின அன்னிக்கே உங்க அண்ணன்தான் அடிச்சாரு. சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாரு."
வயல் அப்படியே இருக்குன்னு சொன்ன அன்னிக்கே! அடிச்சது கூடப் போகட்டும். ஒரு பாவமும் அறியாத மனுஷன நான் திட்டறப்ப, பின்னாடி நின்னு வேடிக்கை பாத்தானே — இவனா என் அண்ணன்?

பிப்ரவரி 18
பக்கத்து வயல்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடும்மா" என்றார். உள்ளே கூப்பிடவில்லை.

மார்ச் 4
அசுவினி திரும்பிவிட்டது. தண்டுக்கு இருபதுக்கு மேல். தின்ன ஒரு பொறிவண்டு இல்லை. இலையெல்லாம் அசுவினி கழித்த பிசுபிசுப்பு, அதன்மேல் கரும்பூஞ்சை. ஏன் அடித்தாய் என்று கேட்டேன். "தங்கச்சி ஆட்டி வைக்கிறபடி ஆடறான்னு கடையில சிரிச்சாங்க" என்றான். அவ்வளவுதான். அதற்காக.

ஏப்ரல் 6
அறுவடை. மணி பாதிக்குப் பாதி சூம்பல். பக்கத்து வயலில் நல்ல விளைச்சல்.

மே 20
நிலத்தைப் பிரித்தாயிற்று. புது வரப்புக்குக் கயிறு கட்டினோம். ஒரு முனை என் கையில், மறுமுனை அண்ணன் கையில். "நேரா இருக்கா?" என்று கேட்டார்.
"இருக்கு" என்றேன்.
அவரே மண்வெட்டியை எடுத்தார். நான் என் பக்கம் நின்றுகொண்டேன்.