மூன்று கோட்டிங் நீலம்

ஆகஸ்ட் 20, 2024. செவ்வாய்

ஜூன் மாதம் போட்ட டயர். லாரியின் இடது முன்சக்கரம். உள்பக்கம் புத்தம் புதிதாக இருக்கிறது, வெளி ஓரம் மட்டும் தேய்ந்து மொட்டை. இரண்டு மாதத்தில் இப்படித் தேய வேண்டுமென்றால் அதற்குத் தனித்திறமை வேண்டும். என் டிரைவர் வேல்ராஜுக்கு அது இருக்கிறது.

கேட்டால், "வண்டி இடது பக்கம் இழுக்கு மொதலாளி. முன்னால ஏதோ ஆடுது. ஒருக்க பாத்துருவோம்" என்கிறான். இழுப்பது வண்டியா, ஓட்டுகிறவனா? பதினோரு வருஷமாக ஓட்டுகிறவனுக்கு இது தெரிய வேண்டாமா?

ஆகஸ்ட் 22

ஹார்பர் கேட்டுக்கு எதிரே டீக்கடை. உப்பு லோடு, கரி லோடு, கன்டெய்னர் என்று எல்லா வண்டிக்காரர்களும் இருந்தார்கள். வேல்ராஜை அங்கேயே வைத்துக் கேட்டேன். தூங்கிக்கொண்டே ஓட்டுகிறான் என்றேன். கொஞ்சம் உற்சாகம் வந்து, குடித்துவிட்டு ஓட்டினாலும் ஆச்சரியமில்லை என்றேன். அவன் குடிப்பதில்லைதான். ஒரு பேச்சுக்குச் சொன்னது.

வேல்ராஜ் எழுந்தான். சாவியை என் டீ கிளாஸ் பக்கத்தில் வைத்தான். போய்விட்டான்.

ஆகஸ்ட் 23

போகட்டும். டிரைவருக்கா பஞ்சம்?

ஆகஸ்ட் 27

ரெனிஷ் கடையில் கம்ப்யூட்டர் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நேராக நிற்கிறதா என்று பார்ப்பது. கண்ணாடி ரூம், ஏசி. சக்கரங்களில் எதையோ மாட்டினார்கள். திரையில் எட்டு எண்கள் சிவப்பாக வந்தன, பையப்பைய எட்டும் பச்சையாயின. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். லேமினேட் செய்து வீட்டில் மாதா படத்துக்குக் கீழே மாட்டினேன். மனைவி அல்போன்சா அதைக் கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறாள். இந்த வீட்டில் விஞ்ஞானத்துக்கு மரியாதை இல்லை.

ஆகஸ்ட் 31

வேறு டிரைவர் அமையாததால் நானே கயத்தாறு வரை ஓட்டினேன். வண்டி இடது பக்கம் இழுக்கிறது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் பிடித்துப் பிடித்து தோள்பட்டை போயிற்று.

யோசித்துப் பார்த்தேன். பதினோரு வருஷத்தில் வண்டிக்கும் அவன் பழக்கம் வந்துவிட்டது. வேறென்ன?

செப்டம்பர் 4

டயர் இன்னும் தேய்கிறது. மறுபடி ரெனிஷ். மறுபடி எட்டும் பச்சை. "கம்ப்யூட்டர் பொய் சொல்லாது அண்ணாச்சி. ரோடுதான் கோணலா இருக்கும்" என்றான். திருநெல்வேலி வரைக்கும் கோணலா? இருக்கலாம்.

செப்டம்பர் 6

வண்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரிக்கச் சொன்னேன். பங்குத்தந்தை எந்தச் சக்கரம் என்று கேட்டு, அதன்மேல் மட்டும் இரண்டு தரம் தீர்த்தம் தெளித்தார். "ஒரு மெக்கானிக்கையும் பாரும் ரோச்" என்றார். விசுவாசம் குறைந்துவிட்ட காலம்.

செப்டம்பர் 10

பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

ஜேசுதாசன் பட்டறை. ஏசி கிடையாது, தகரக் கூரை. ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைத் தூக்கினார். மேலே ஒரு கை, கீழே ஒரு கை கொடுத்து அசைத்தார். டக், டக் என்று ஆடியது.

"கிங் பின் தேஞ்சு போச்சு அண்ணாச்சி. சக்கரம் திரும்புததே இந்தப் பின்னுலதான். இது இவ்வளவு ஆடுது, இதுக்குப் போயி அலைன்மென்ட் பாத்திருக்கிய. நிக்கும்போது கம்ப்யூட்டர் பச்சை காட்டும். ஓடும்போது சக்கரம் அது இஷ்டத்துக்குல்லா போகும்?"

"ஏன் தேஞ்சுது?"

"கிரீஸே இல்ல. வருஷக்கணக்கா ஏறல." அடியில் படுத்து ஸ்குரூ டிரைவரால் எதையோ சுரண்டினார். நீலம் உதிர்ந்தது. அதன் கீழ் இன்னொரு நீலம். அதற்கும் கீழ் இன்னொன்று. அப்புறம்தான் கிரீஸ் அடிக்கிற நிப்பிள் தெரிந்தது. அதன் வாயே அடைத்துப் போயிருந்தது.

"இது யாரு பாத்த வேல?"

"பெயின்டர்."

"பெயின்டர்ட்ட யாரு சொன்னது?"

டீ சொல்லட்டுமா என்று கேட்டேன்.

நான்தான் சொன்னேன். வருஷாவருஷம் பனிமய மாதா திருவிழாவுக்குக் கொடியேறும் முன் வண்டிக்கு மாதா நீலம் அடிப்பது வழக்கம். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு யோசனை வந்தது: மேலே மட்டும் அடித்தால் போதுமா, அச்சுக்கும் அடி, ஒரு இடம் விடாதே. அந்த வருஷமே வேல்ராஜ் கிரீஸ் கன்னோடு வந்து, "ஏற மாட்டேங்கு மொதலாளி, சுரண்டட்டுமா?" என்றான். மாதா நீலத்தைச் சுரண்டினால் கையை ஒடிப்பேன் என்றேன். அவனும் அடுத்த வருஷமும் கேட்டான். நானும் அடுத்த வருஷமும் ஒடிப்பேன் என்றேன்.

அய்யோ, என்ன மனுசன்லே நீ!

செப்டம்பர் 13

புது கிங் பின், புது புஷ். பிறகு ஜேசுதாசன் சாக்பீஸும் நூலும் வைத்துச் சக்கரங்களை நேர் பார்த்தார். பைபாஸில் ஸ்டியரிங்கை விட்டுப் பார்த்தேன். நேராகப் போகிறது. சந்தோஷம் வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் அல்போன்சா: "விளாத்திகுளத்துலருந்து வந்திருந்த வேல்ராஜ் பொண்டாட்டி ஜெயபிரியாவ மார்க்கெட்டுல பாத்தேன். குடிகாரனுக்கு வண்டி குடுக்க மாட்டோம்னு எல்லாரும் சொல்லுதாகளாம். மூணு வாரமா வீட்டுலதான் இருக்கான். அவன் குடிச்சு நீங்க என்னைக்குப் பாத்திய?"

தட்டை மூடி வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 14

என்ன சொல்வது என்று எழுதிப் பார்த்தேன்.

"தொழில்நுட்பக் காரணங்களால்..." — ரயில்வே அறிவிப்பு மாதிரி இருக்கிறது.

"நம் இருவர் பேரிலும் தவறு..." — அவன் பேரில் என்ன தவறு? அரை மணி நேரம் தேடினேன். 2017-ல் கோவில்பட்டியில் ஒரு மாட்டை இடித்தான். மாடு பிழைத்துவிட்டது.

கிழித்துப் போட்டேன்.

செப்டம்பர் 15. ஞாயிறு

பூசை முடிந்து விளாத்திகுளம் போனேன். வேல்ராஜ் நாற்காலி போட்டான், தண்ணீர் கொடுத்தான். கிங் பின் கதை முழுக்கச் சொன்னேன். கேட்டுக்கொண்டான். சிரிக்கக்கூட இல்லை.

"இதை எங்கிட்ட சொல்ல இவ்வளவு தூரம் வரணுமா மொதலாளி? எனக்குத்தான் தெரியுமே. எங்க வச்சு என்னயப் பேசுனியளோ, அங்கன வச்சு சொல்லுங்க."

செப்டம்பர் 16

டீக்கடை. அதே கூட்டம். கடல் காற்றில் இரும்பு எப்படி அரிக்கிறது என்று ஆரம்பித்தேன். உப்பு லோடின் ஈரம் பற்றிப் பேசினேன். ஒருத்தன், "சட்டுனு சொல்லும் அண்ணாச்சி, லோடு நிக்கி" என்றான்.

சொல்லிவிட்டேன். நிப்பிளைப் பெயின்ட் அடித்து அடைத்தது நான். வேல்ராஜ் தூங்கவில்லை, குடிக்கவில்லை, குடிக்கவே மாட்டான். நான் சொன்னது பொய்.

பிறகு சிரித்தார்கள் பாருங்கள்! பாய்லர் பக்கம் நின்ற டீ மாஸ்டர் உட்பட. இனி என் பெயர் பெயின்ட் ரோச்சாம்.

செப்டம்பர் 24

கன்டெய்னர் வண்டி வைத்திருக்கிற ஒருவர் போன் செய்தார். புது வண்டி, பதினான்கு சக்கரம். "ஒம்மகிட்ட இருந்த வேல்ராஜ் ஆள் எப்படி?"

என் சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆள் சுமார்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேறு வழியில்லாமல் என்னிடமே திரும்பி வருவான். நாக்கு நுனி வரை வந்தது.

"அவரை மாதிரி ஆள் கிடைக்காது. யோசிக்காம எடுத்துக்கிடுங்க" என்றேன். போனை வைத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு லோடு ஏற்றப் போனேன்.

அக்டோபர் 3

டிரைவர் தேவை என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தும் ஒருவரும் வரவில்லை. இன்று ஒரு ஆள் வந்தான், குலசேகரன்பட்டினத்துக்காரன். திங்கட்கிழமை முதல் வருகிறேன் என்றான். விசாரித்துவிட்டுத்தான் வந்தானாம்.

"யார்ட்ட?"

"இப்ப கன்டெய்னர் ஓட்டுதாகல்லா, வேல்ராஜ் அண்ணன்ட்டதான். மொதலாளி எப்படின்னு கேட்டேன். நல்ல மனுசன், தைரியமா போ, எதுன்னாலும் எல்லார் முன்னாலயும் வச்சுத்தான் சொல்லுவாருன்னாக."

இது பாராட்டா, குத்தலா என்று அல்போன்சாவிடம் கேட்டேன். அவள் மீன் கழுவிக்கொண்டே சிரித்தாள்.