சுகவீனம் என்று நான் எழுதிய நான்கு மாதம்

சேசு மரி சூசை துணை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
1936 ஆகஸ்டு 18, செவ்வாய்க்கிழமை

தமக்குத் தொடக்கமும் முடிவும் இல்லாதவராய், நாம் தொடங்குகிற நற்காரியங்களையெல்லாம் முடித்துவைக்கிறவராய் இருக்கிற சர்வேசுரனுடைய திருப்பாதங்களைப் பணிந்து, தேவமாதாவின் அடைக்கலத்தில் உன்னையும் உன் வீட்டாரையும் ஒப்படைத்து இதை எழுதத் தொடங்குகிறேன்.

சிங்கப்பூரில் இருக்கும் அருமை மகள் பிலோமினாவுக்கு உன் தந்தை மரியநாயகம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் குறைவின்றி இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளை கிரிகரியும் என் பேரன் கிளாரன்ஸும் அவ்வாறே இருப்பீர்கள் என்று செபமாலை சொல்லும்போதெல்லாம் நம்பிக்கை கொள்கிறோம். என் வலது முழங்கால் மட்டும் மழைக்கு முந்திய நாளில் அறிவிப்புக் கொடுக்கிறது, மற்றபடி காலைப் பூசைக்கு நடந்தே போய் வருகிறேன். ஆற்றில் தண்ணீர் ஏறி இறங்கியது, நம் தெருவுக்கு வரவில்லை. பேரன் பிறந்தநாளுக்கென்று தொடங்கிய வெண்பா இன்னும் மூன்றாம் அடியிலேயே நிற்கிறது; கிளாரன்ஸ் என்ற பெயரை எந்தச் சீரில் வைத்தாலும் தளை தட்டுகிறது. அவனுக்கு இரண்டாம் பிறந்தநாள் வருவதற்குள் எப்படியும் முடித்து அனுப்புவேன்.

ஒன்பதாம் தேதி நீ எழுதிய கடிதம் சென்ற வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. தமிழ்ப் பெண்பாடசாலைக்கு விண்ணப்பம் போட்டு ஐந்து வாரமாகியும் பதில் இல்லை என்றும், மூன்றாம் வகுப்புச் சிறுமிகள் ஆசிரியை இல்லாமல் இரண்டாம் வகுப்போடு சேர்ந்து உட்கார்ந்திருப்பதைக் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் சன்னல் வழியாகப் பார்த்து மனம் வருந்துவதாகவும் எழுதியிருந்தாய். கைக்குழந்தைக்காரியை எந்தப் பள்ளிக்கூடமும் எடுக்காது என்று மாப்பிள்ளையின் நண்பர் மனைவி சொன்னதாகவும், ஆகையால் அடுத்த விண்ணப்பத்தில், கிள்ளான் பள்ளிக்கூடத்தில் நீ எடுத்த அந்த நான்கு மாத விடுப்பையே சொல்லாமல் விட்டுவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். அதற்கும் மேலாக, கிளாரன்ஸை ஒரு வருஷத்திற்கு இங்கே கொண்டுவந்து எங்களிடம் விட்டால், உனக்குப் பிள்ளையால் தடையொன்றும் இல்லை என்று மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் பாடசாலைக்குச் சொல்லலாமே என்றும் எழுதியிருந்தாய். இந்தக் கடைசி வரியை நான் உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியது பெரும் பிழை. அவள் அன்று சாயங்காலமே பெட்டியைத் திறந்து, அவனுக்குத் தூளி கட்டி, சிங்கப்பூர் போகும்போது நீ இங்கே விட்டுப்போன நீலச் சீலையை எடுத்துத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டாள். மறுநாள் பாசாரிலிருந்து ஒரு மரக்குதிரையும் வந்து சேர்ந்தது.

மகளே, உனக்குப் பதில் வராததற்குக் காரணம் உன் பிள்ளை அல்ல. காரணம் நான். அதை ஒளிக்காமல் சொல்லவே இக்கடிதம். உன் விண்ணப்பத்தை எழுதித் தரும்படி நீ கேட்டபோது, இருபத்தாறு வருஷம் ரயில்வே பெரிய ஆபீசில் விடுப்புப் பதிவேட்டைக் கையாண்ட என்னைவிட இதற்குத் தகுந்தவர் இல்லையென்று மகிழ்ந்துபோனேன். அந்தப் பதிவேட்டில் மூன்றே தலைப்புகள் உண்டு: ஊருக்குப் போகும் விடுப்பு, சுகவீன விடுப்பு, சம்பளமில்லா விடுப்பு. மனிதன் வேலைக்கு வராமல் இருப்பதற்கு இம்மூன்றுக்கு வெளியே ஒரு காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எங்கள் ஆபீசில் பிள்ளை பெறும் பெண் எவரும் வேலை பார்க்கவில்லை. நீ ஊருக்குப் போகவில்லை. சம்பளமில்லா விடுப்பு என்று எழுதினால் ஏதோ குற்றம் செய்தவள் போலத் தொனிக்கும். ஆகவே மிகக் கௌரவமான தலைப்பு என்று எண்ணி, இடையில் நான்கு மாதம் சுகவீன விடுப்பு என்று எழுதினேன். பக்கத்து வீட்டுக் கார்த்திகேசு மாஸ்டர் அதைத் தம் டைப் மெஷினில் அழகாக அடித்துக் கொடுத்தார். நீயும் அப்பா எழுதினால் சரியாயிருக்கும் என்று கையெழுத்திட்டு அனுப்பினாய்.

சென்ற சனிக்கிழமை தேவமாதாவின் மோட்சாரோபணத் திருநாள். கிள்ளானிலிருந்து உன் பழைய தலைமையாசிரியை பெர்னடெட் அம்மாள் ரயிலேறி இங்கே பூசைக்கு வந்தார். பூசை முடிந்ததும் நேரே நம் வீட்டுக்கு வந்து, கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அது உன் சிங்கப்பூர்ப் பங்குச் சுவாமியார், அந்தப் பாடசாலையின் மேலாளர் என்ற முறையில் அவருக்கு எழுதியது. மிகுந்த மரியாதையோடு எழுதப்பட்ட கடிதம். திருமதி கிரிகரி என்னும் ஆசிரியையின் சேவை திருப்தியானதே என்றாலும், நான்கு மாதம் தொடர்ந்து படுக்கையில் இருக்கும்படி செய்த நோய் நெஞ்சு சம்பந்தப்பட்டதா, சிறு பிள்ளைகள் நடுவில் அவரை அமர்த்துவது பத்திரமா என்று கேட்டு, வைத்தியர் சான்றும் வேண்டி, இம்மாத முடிவுவரை பதிலுக்காகக் காத்திருப்பதாக எழுதியிருந்தார். பெர்னடெட் அம்மாள் நாற்காலியில்கூட உட்காரவில்லை. என்னங்கய்யா இது, நான் லீவு குடுத்தது பிள்ளை பெத்துக்க, இருமிக்கிட்டுக் கிடக்க இல்லை, நீங்க நம்ம பிலோமினாவைக் காசநோய்க்காரியா ஆக்கியில்ல அனுப்பியிருக்கீங்க என்றார். உன் அம்மா அடுப்படியிலிருந்து காப்பியோடு வந்தவள், இருபத்தாறு வருஷம் ஊரார் லீவையெல்லாம் ஒழுங்காப் பார்த்தவருதான், பெத்த மகளோட நாலு மாசத்தை மட்டும் பார்க்கத் தெரியலை என்று அவரிடம் சொன்னாள். சாட்சிக்கு அழைக்கலாமென்று வேலிக்கு அப்பால் நின்ற கார்த்திகேசு மாஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் நோயை வருத்தம் என்று சொல்லும் யாழ்ப்பாணத்தார் அல்லவா, நீங்கள் சொன்னதைத்தான் அடிச்சனான் ஐயா, மெஷினுக்கு வருத்தமும் பிரசவமும் ஒண்டுதான் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். என் பக்கம் ஒருவரும் இல்லை.

இதில் இன்னொரு வேடிக்கையையும் கவனி. கிளாரன்ஸ் பிரசங்க நேரத்தில் அழுவதால் சுவாமியார் நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார் என்று ஜூன் மாதத்தில் நீயே எழுதியிருந்தாய். அப்படியானால் அந்தப் பெரியவர் உன் நான்கு மாத நோயை ஞாயிறுதோறும் தம் காதாலேயே கேட்டு வருகிறார். கோயிலில் அழுகிற பிள்ளையின் தாயும் விண்ணப்பத்தில் இருக்கும் நோயாளியும் ஒருத்தியே என்று மட்டும் அவருக்குத் தெரியாது. ஊரறிந்த பிள்ளையை நான் காகிதத்தில் மறைக்கப் பார்த்தேன்.

காப்பி குடித்த பிறகு பெர்னடெட் அம்மாள் கோபம் தணிந்து சொன்ன வார்த்தையைத்தான் உனக்கு முக்கியமாக எழுத வேண்டும். லீவு போனதை மறைச்சா அவ திரும்பி வந்ததையும் சேர்த்தே மறைச்சிடுறீங்க என்றார். கல்யாணம்னு போனவ போனவதான், பிள்ளைன்னு போனவளும் போனவதான், என் பள்ளிக்கூடத்துல பதினாறு வருஷத்துல சொன்ன திங்கக்கிழமை சொன்ன மணிக்குத் திரும்பி வந்து நின்னவ இவ ஒருத்திதான், அதைப் போயி வெளியே சொல்ல வெட்கப்படுறீங்களே என்றார். தலைப்பிரசவத்துக்கு நீ இங்கே வந்து, பிள்ளையோடு கிள்ளானுக்குத் திரும்பிய நாள் எனக்கு நினைவு வந்தது. தையல் அறை உத்தரத்தில் அந்த நீலச் சீலையைக் கட்டி, பள்ளிக்கூடம் பெருக்கும் இராஜம்மா ஆட்டிக்கொண்டிருக்க, நீ அடுத்த அறையில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாயாம். ஒழிவு மணி அடித்ததும் பால் கொடுத்துவிட்டு, மறுமணிக்குக் கரும்பலகை முன் நிற்பாயாம். ஆறு மாதத்தில் ஒரு நாளும் தவறவில்லையாம். இதையெல்லாம் நீ எங்களுக்கு எழுதியதே இல்லை. உன் பிள்ளையினால் உன் வகுப்புக்குக் குறை வராது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி ஏது? நம் முன்னோர் பிள்ளை பெறுவதைப் பேறு என்று வைத்தார்கள்; தமிழ் படித்தவன் என்று பெயரெடுத்த நான் அதை நோய்க் கணக்கில் எழுதினேன்.

பெர்னடெட் அம்மாள் போன பிறகு உன் அம்மா விடவில்லை. அவளுக்குப் பேரன் இங்கே வரவேண்டும். பிள்ளையை மறைத்து இங்கே அனுப்புவது தப்பில்லை என்று காட்ட வேதத்தையே எடுத்துக்கொண்டாள். தேவமாதாவோட உறவுக்கார அம்மாளே வயித்துல பிள்ளை வந்ததும் அஞ்சு மாசம் வெளியே தலைகாட்டாம மறைஞ்சுதானே இருந்தாங்க, மறைக்கிறது தப்புன்னா அவுங்க ஏன் மறைச்சாங்க என்றாள். நாற்பது வருஷம் வேதம் வாசித்தவன் நான், இக்கேள்விக்குச் சற்றுத் திகைத்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். பிறகு, ஆறாம் மாதம் வந்ததும் வானத்திலிருந்து தேவதூதச் சம்மனசே இறங்கிவந்து தேவமாதாவிடம் அதை எடுத்துச் சொல்லிவிட்டதே, மாதங்களை எண்ணிச் சொல்லச் சம்மனசுக்குக் கூச்சமில்லையென்றால் நமக்கென்ன என்றேன். அவள் காப்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மூன்று நாளாகப் பேசவில்லை.

ஆகவே நீ கேட்ட கேள்விக்கு என் மறுமொழி இது: சொல். ஆனால் மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்லாதே, கதையாக விரித்தும் சொல்லாதே. சேவையின் தேதிகளை எழுதும் இடத்தில், 1935 ஜூன் மூன்றாம் தேதி முதல் மகப்பேற்று விடுப்பு, செப்டம்பர் முப்பதாம் தேதி திங்கட்கிழமை மீண்டும் வேலையில் சேர்ந்தேன், அதன்பின் கணவரின் மாற்றல்வரை இடைவிடாமல் கற்பித்தேன் என்று ஒரே வாக்கியமாக எழுது. முதல் விண்ணப்பத்தில் கண்டது என் தந்தையின் பிழை என்றும் ஒரு வரி சேர்த்துக்கொள். அதனால் என் பெயருக்கு வருவது வரட்டும். இங்கிலீஷை நீயே அமைத்து, உன் கையெழுத்திலேயே எழுது. மெஷினும் வேண்டாம், நானும் வேண்டாம். பெர்னடெட் அம்மாள் திங்கட்கிழமையே சுவாமியாருக்குத் தனியே எழுதிவிட்டார். வைத்தியர் சான்று கேட்ட இடத்தில் வைப்பதற்காக, நான் நேற்று நம் கோயிலுக்குப் போய்க் கிளாரன்ஸின் ஞானஸ்நானப் பத்திரத்துக்கு ஒரு பிரதி வாங்கி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உன் நோயின் பெயரும் அது பிறந்த தேதியும் அதில் இருக்கின்றன. அவனையும் இடுப்பில் எடுத்துக்கொண்டு நேரே போய்க் கொடு. குரலைக் கேட்டவுடன் சுவாமியார் அறிந்துகொள்வார்.

இதனால் வேலை கிடைத்தே தீரும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். இவளுக்கு இன்னொரு பிள்ளை வந்தால் இன்னொரு விடுப்பு கேட்பாளே என்று அவர் நினைக்கவும் கூடும். அப்படி நினைத்தால் கேட்கத்தான் போகிறாய், அதையும் இப்போதே தெரிந்துகொள்வது அவருக்கும் நல்லது. உன்னை உள்ளபடி அறிந்து ஒருவர் மறுத்தால் அந்தக் கதவு ஒன்றுதான் அடைபடும். உன்னை அறியாமல் ஒருவர் ஏற்றுக்கொண்டால், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் ஒவ்வொரு நாளும் நீ பொய் சொல்லவேண்டி வரும். பாடம் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு அது ஆகாது. மாப்பிள்ளையிடமும் இதை என் வேண்டுகோளாகச் சொல். அவர் உன் நன்மையை எண்ணித்தான் நண்பர் வீட்டு யோசனையைக் கொண்டுவந்தார், அவர்மேல் மனத்தாங்கல் வைக்காதே. கிளாரன்ஸை இங்கே அனுப்பும் எண்ணத்தை மட்டும் விட்டுவிடு. வேலைக்காக நீ அவனைப் பிரிந்தாய் என்று ஒரு வருஷம் கழிந்தால், அந்த வருஷத்தை எந்தப் பதிவேட்டிலும் திருத்தி எழுத முடியாது.

இவ்வளவும் எழுதி முடித்து இன்று காலை உறையைத் தேடும்போது உன் அம்மா வந்தாள். நீலச் சீலையை நான்காக மடித்து, நடுவில் ஒரு வேப்பிலைக் கொத்து வைத்து, என் மேசைமேல் வைத்தாள். இதையும் சேர்த்து அனுப்புங்க, அந்தப் பள்ளிக்கூடத்துல கட்டுறதுக்கு உத்தரம் இருக்கா, ஆட்டுறதுக்கு ஆள் இருக்கான்னு கேட்டு எழுதச் சொல்லுங்க என்றாள். சற்று நின்று, ஆள் இல்லேன்னா நான் ரயிலேறி வர்றேன், மரக்குதிரையை நானே தூக்கிட்டு வந்திடுறேன், நீங்க கொஞ்ச நாளு கார்த்திகேசு மாஸ்டர் வீட்டுல சாப்பிட்டுக்கலாம் என்றாள். மூன்று நாள் மௌனத்தில் அவள் யோசித்தது இதைத்தான் போலும். எனக்கு ஆட்சேபம் இல்லை. எத்தனை மாதம் என்று கேட்டேன். வேலை நிலைக்கிற வரைக்கும் என்றாள். அது எந்தத் தலைப்பில் சேரும் விடுப்பு என்று நான் கேட்கவில்லை.

மறவாமல் இம்மாத முடிவுக்குள் விண்ணப்பத்தைச் சேர்த்துவிடு. ஞானஸ்நானப் பத்திரத்தை மடிக்காதே. நற்கருணை வாங்கும் வயதில் அதே காகிதம் அவனுக்கு மீண்டும் வேண்டியிருக்கும், ஆகையால் பார்த்தபின் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்.

உன் வாசலும் உன் வகுப்பும் ஒரே கரத்தின் காவலில் இருப்பதாக. மாப்பிள்ளையின் உழைப்பும், என் பேரனின் குரலும், நீ சொல்லிக்கொடுக்கும் சிறுமிகளின் எழுத்தும் தேவமாதாவின் மன்றாட்டால் நாளுக்கு நாள் விருத்தியடைவதாக. பிதாவின், சுதனின், பரிசுத்த ஆவியின் ஆசீர்வாதம் உங்கள் வீட்டின்மேல் தங்குவதாக.

உன் நன்மையே நாடும் தந்தை,
அ. மரியநாயகம்