எனக்குப் பதில் நீ சுவாசித்த புகை

இன்று காலை தச்சநல்லூரில் சாலையைக் கடக்க நின்றபோது, ஒரு பழைய பேருந்து என் முகத்துக்கு நேராகப் புகையைக் கக்கிவிட்டுப் போனது. துடைத்த கைக்குட்டை கறுத்தது. இருமல் அடங்கும்வரை ஒரு கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன். நீ போய் இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை.

பேருந்து நிலையத்தில் நாம் இருவரும் நேரக் காப்பாளர்கள். நாம் உட்கார்ந்து நேரம் குறிக்கும் கூண்டு, வண்டிகளின் பின்பக்கம் வந்து நிற்கும் இடத்தில் இருந்தது. அணைத்தால் திரும்பக் கிளம்பாது என்று டிரைவர்கள் எஞ்சினை ஓடவிட்டே வைத்திருப்பார்கள். புகை சன்னல் வழியே நேராக உள்ளே வரும். சாப்பாட்டுத் தூக்கைத் திறக்குமுன் மேசையை இரண்டு முறை துடைப்பாய். எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வண்டி என்பதெல்லாம் உனக்கு மனப்பாடம். யாராவது ஏட்டைப் புரட்டினால், “எதுக்குவே அதப் போட்டுப் பொரட்டுதீரு? என்கிட்ட கேளும்” என்பாய்.

கிளை அலுவலகத்தில் உள்ளறை வேலை ஒன்று காலியானது. பணிமூப்பில் அது உனக்கு வரவேண்டியது. எனக்கு அந்த வருடம் இளைப்பு முற்றியிருந்தது. நீ மேலாளரிடம் போய், என்னைப் போடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாய். வேண்டாம் என்றேன்.

“ஏலே, ஒனக்குத்தான் மூச்சு முட்டுது. எனக்கு இந்தப் பொகை ஒண்ணும் செய்யாது. பேசாம போ.”

இரண்டாவது முறை நான் மறுக்கவில்லை. மறுத்தால் நீ மனம் மாறிவிடுவாயோ என்று பயந்தேன். இதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகும் பதினாறு வருடம் நீ அந்தக் கூண்டிலேயே இருந்தாய். ஓய்வு பெற்ற மூன்றாம் வருடம், முதலில் ஆட்களின் பெயர் மறந்தது. பிறகு வீட்டுக்கு வரும் வழி. வண்ணார்பேட்டையில் திகைத்து நின்ற உன்னை ஒரு கண்டக்டர் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். டாக்டரிடம் உன்னையும் உன் மனைவியையும் நான்தான் அழைத்துப் போனேன். மறதி நோய் என்றார். என்ன வேலை பார்த்தார் என்று விசாரித்தார். சொன்னேன்.

“அந்தப் பொகையாலயா சார்?” என்று கேட்டேன்.

“வருஷக்கணக்கா பொகைக்காத்துல இருந்தா மூளைக்கும் கெடுதல்தான். இந்த நோய் வர்றதுக்கு வாய்ப்பு கூடும். ஆனா இவருக்கு அதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது” என்றார்.

உன் மனைவி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசி மாதங்களில் நான் யாரென்றே உனக்குத் தெரியவில்லை. “அண்ணாச்சிக்கு எந்த ஊருக்குப் போகணும்?” என்று கேட்டாய். அம்பாசமுத்திரம் என்றேன். உதடு அசைந்தது, வண்டி நேரம் வாயில் வரவில்லை. வெட்கப்பட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அதற்குப் பிறகு நீ கேட்டபோதெல்லாம், “எங்கயும் போகல, ஒங்களப் பாக்கத்தான் வந்தேன்” என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

இன்று கடை வாசலிலிருந்து எழுந்து நேராக உன் வீட்டுக்குப் போனேன். இனியும் மறைக்க முடியாது என்று தோன்றியது. “தங்கச்சி, அந்த உள்வேலை அவனுக்கு வரவேண்டியது. எனக்காக விட்டுக் குடுத்தான்” என்றேன்.

அவள் எனக்குக் கொண்டுவந்த காப்பியைக் கீழே வைத்தாள். “தெரியும்ணே. எழுதிக் குடுத்த அன்னைக்கே வந்து சொன்னாவ. நான் ரெண்டு நாள் அவியகிட்ட பேசல.”

“என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியேம்மா?”

“கேட்டா நீங்க வீட்டுக்கு வாரத நிறுத்திருவிய. அவியளுக்கு வேற யாரு இருந்தா?”

அப்படியென்றால் இத்தனை வருடமும் தெரிந்துகொண்டேதான் எனக்கு இலை போட்டுப் பரிமாறியிருக்கிறாள். அவள் ஒரு சொல் திட்டியிருந்தால் அந்தச் சுமையை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வந்திருப்பேன். திட்டவில்லை. காப்பி ஆறுகிறது, குடியுங்கள் என்றாள். குடித்துவிட்டு, வந்ததைவிடப் பாரமாகத் திரும்பி நடந்தேன்.